நூற்றிருபது காடிகள்

மேலப்பாளையத்தில் மரவேலைப் பட்டறை வைத்திருக்கும் அகமது மீரானுக்கு, போன வருடத்து நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு மாதத்தில் வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் கண்டுபிடித்தது அவர் மனைவி நஃபீஸத். சோற்றில் ஆணத்தை ஊற்றிக்கொள்ளக் கரண்டியை எடுத்த மீரான், பாதியைத் தட்டுக்கு வெளியே சிந்தினார். "கை வழுக்கிட்டு" என்றார். மறுநாளும் சிந்தியது. அதன்பிறகு நஃபீஸத்தே ஊற்றிக்கொடுத்தாள். 

சும்மா இருக்கும்போது கை ஒழுங்காகவே இருந்தது. தொழுகையில் கைகட்டி நிற்கையில் ஒரு அசைவும் கிடையாது. பென்சில், சாவி, திருப்புளி என்று எதையாவது பிடித்து ஒரு காரியத்தில் இறங்கினால்தான் மணிக்கட்டிலிருந்து உதறல் கிளம்பும். பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனார். டாக்டர் ஒரு தாளைக் கொடுத்துச் சுருள் வரையச் சொன்னார். மீரான் வரைந்தது ரம்பப் பல்லைப்போல இருந்தது.

"உயிருக்கு ஒண்ணும் செய்யாது. மாத்திரையில கொஞ்சம் குறையும். முழுசாப் போயிரும்னு நான் சொல்லமாட்டேன்" என்றார் டாக்டர். "யாராவது பாத்துக்கிட்டு நிக்கும்போது கூடுதலா வரும். அதுக்காகப் பயப்படாதீங்க."

நாற்பத்தொன்பது வயது. பதினோரு வருடம் சார்ஜாவில் ஒரு ஃபர்னிச்சர் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, இந்தப் பட்டறையைப் போட்டவர். அவர் செய்த அலமாரிக் கதவுகளில் இடுக்கு ஒரே சீராக இருக்கும் என்பார்கள். பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னது, பயப்பட வேண்டிய இடம் எது என்பதைத்தான் அவருக்குக் காட்டிக்கொடுத்தது. மாத்திரை பிற்பகலில் தூக்கத்தைக் கொண்டுவந்தது. மெஷின் ஓட்டுகிறவன் தூங்கி வழியக் கூடாது என்று பாதி மாத்திரையோடு நிறுத்திக்கொண்டார். நஃபீஸத்தைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. பட்டறையில் எட்டு வருடமாகக் கூடவே வேலை செய்யும் அவளுடைய தம்பி நாசருக்கும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு வேலை வந்தது. பள்ளிக்கூட நூலகத்துக்குப் பன்னிரண்டு புத்தக அலமாரிகள். தலைமையாசிரியர் குமரகுருபரன் நேரில் வந்து பேசினார். இரண்டாயிரத்து இருபத்துமூன்று டிசம்பர் வெள்ளத்தில் அந்தப் பள்ளியின் கீழ்த்தளத்தில் நெஞ்சளவு தண்ணீர் நின்றது. பழைய அலமாரிகள் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. தட்டுகள் சின்னச் சின்ன இரும்புத் தாங்கிகளின்மேல் நின்றன. பலகை ஊறி உப்பியதும் தாங்கிகள் பிடுங்கிக்கொண்டன.

"கீழ்த்தட்டெல்லாம் நனைஞ்சது சரி பாய், ஆத்தக் குத்தம் சொல்ல முடியாது" என்றார் குமரகுருபரன். "மேல் ரெண்டு தட்டுக்கும் தண்ணி வரவே இல்ல. ஆனா தட்டு பிடுங்கி, அந்தப் புஸ்தகமும் தண்ணிக்குள்ள விழுந்துட்டு. பிள்ளைகளும் வாத்தியார்மாரும் முப்பது வருசமாச் சேத்தது. இந்தத் தடவ தட்டு பலகைக்குள்ள உக்காரணும். தாங்கிய நம்பி ஒண்ணும் வேண்டாம்."

பலகைக்குள் உட்காருவது என்றால் காடி வெட்ட வேண்டும். பக்கப் பலகையில் குறுக்காக ஒரு பள்ளம் எடுத்து, தட்டின் முனையை அதில் செருகுவது. பள்ளம் தட்டின் பருமனுக்குச் சரியாக இருக்க வேண்டும். தளர்ந்தால் தட்டு ஆடும். இறுகினால் உள்ளேயே போகாது. ஒரு அலமாரிக்கு இரண்டு பக்கப் பலகை, பலகைக்கு ஐந்து காடி, மொத்தம் நூற்றிருபது. மீரான் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, "செஞ்சிரலாம் சார்" என்றார். 

காடி வெட்டுவதற்கு ரூட்டர் மெஷின். இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளும்போது அதன் அடியில் சுழலும் பிட்டு என்ற வெட்டுமுனை மரத்தை அரித்துக்கொண்டே போகும். நேராகப் போவதற்காகப் பலகையின்மேல் ரீப்பர் என்கிற நேரான மரச்சட்டத்தைக் கிளாம்பு போட்டு இறுக்கி, அதை ஒட்டியே மெஷினை ஓட்டுவார்கள். ரீப்பர் ஒரு பக்கம்தான் இருக்கும். மறுபக்கம் கைதான் காவல். இத்தனை வருடமும் மீரான் அதை யோசித்ததே இல்லை.

முதல் பலகையில் மூன்றாவது காடி நெளிந்தது. மெஷின் ரீப்பரை விட்டு ஒரு நூல் விலகி, மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது. நாசர் குனிந்து பார்த்து, "மச்சான், ரீப்பர் நகந்துட்டோ?" என்று கேட்டான்.

"ஆமா, நகந்துட்டு" என்றார் மீரான்.

நான்கு நாள் கழித்துக் குமரகுருபரன் திருநெல்வேலிக்கு ஒரு கூட்டத்துக்கு வந்தவர், போகிற வழியில் பட்டறைக்குள் எட்டிப்பார்த்தார். "நிறுத்தாதீங்க பாய், நான் சும்மா பாக்கேன்" என்று ஓரமாக நின்றார். அவர் பார்க்கிறார் என்ற நினைப்பே மீரானின் கையை உலுக்கியது. பாதி தூரம் போனதும் மெஷின் துள்ளி, காடியை விட்டு வெளியே பாய்ந்து, நல்ல பலகையில் கட்டைவிரல் நீளத்துக்குக் கடித்துவிட்டது. மீரான் சுவிட்சை அணைத்தார்.

"என்ன ஆச்சு?" என்றார் தலைமையாசிரியர்.

"கிளாம்பு சரியா முறுக்கல சார்." மீரான் நாசரைத் திரும்பிப் பார்த்தார். "ஏலே, எத்தன தடவ சொல்லுதேன்? ஒழுங்காப் பூட்டுனா என்ன? வேலைல நெனப்பு இருந்தாத்தானே!"

நாசருக்கு முப்பத்துநான்கு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவன் போய்க் கிளாம்பைத் தொட்டுப் பார்த்தான். ஒரு சுற்றுக்கூட இளகவில்லை. வாயைத் திறந்தவன், பக்கத்தில் வெளியாள் நிற்பதைப் பார்த்து மூடிக்கொண்டான். குமரகுருபரன், "கவனமாப் பாருங்கப்பா, பிள்ளைகளுக்கு உள்ளது" என்று அவனிடமே சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கார் தெருவைத் தாண்டியதும் நாசர் சொன்னான்: "கிளாம்பு அசையல மச்சான். நான் தொட்டுப் பாத்தேன்."

"அப்போ நான் பொய் சொல்லுதேனா?"

 நாசர் குழாயடியில் கையைக் கழுவினான். தன்னுடைய டேப்பையும் மூலைமட்டத்தையும் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் அக்காவுக்குப் போன் செய்து, டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பரண் வேலை கிடைத்திருக்கிறது, அதற்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னான்.

நஃபீஸத் நடந்ததை அவரிடமே கேட்டாள். அவர் சொன்னார். ஒரு வார்த்தை மறைக்கவில்லை.  "அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள்.

"சொல்லலாம். முதல்ல வேலைக்கு ஒரு வழி பண்ணுதேன்."

வழி என்று அவர் நினைத்தது ஒரு ஜிக்கை. மெஷின் எந்தப் பக்கமும் விலக முடியாதபடி பிடித்துக்கொள்ளும் ஒரு சட்டம். விலைக்கு வாங்கலாம் என்று ஜங்ஷன் பக்கம் மூன்று ஹார்டுவேர் கடைகளில் கேட்டார். "அப்படி ஐட்டம் நம்ம பக்கம் வாரதில்ல பாய்" என்றார்கள். போனில் தேடியபோது அலுமினியத்தில் பளபளவென்று ஒன்று வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அதிலும் ஒரு பக்கம்தான் பிடிமானம். நம்முடைய ரீப்பரே இதற்கு மேல் என்று மூடிவிட்டார்.

தானே செய்ய உட்கார்ந்தார். பிளைவுட்டில் இரண்டு நீளச் சட்டங்கள். ஒவ்வொன்றின் மேலும் மெஷின் உரசிக்கொண்டு ஓட ஒரு தடுப்பு. ஒரு சட்டம் குறுக்குக்கட்டையில் அசையாமல் பூட்டியிருக்கும். மற்றது நகரும்; திருகை முறுக்கினால் நிற்கும். தட்டுப் பலகையில் ஒரு துண்டை நடுவில் வைத்து இரண்டு சட்டத்தையும் அதோடு ஒட்டி நெருக்கினால், இடைவெளி தட்டின் பருமனுக்கே வந்துவிடும். டேப்பை வைத்து அளக்க வேண்டிய வேலையே இல்லை. சிறிய பிட்டைப் போட்டு, போகும்போது ஒரு தடுப்பை ஒட்டியும் திரும்பும்போது மறு தடுப்பை ஒட்டியும் ஓட்டினால் காடி முடிந்தது. இடையில் கை உதறினாலும் பிட்டு போகக்கூடிய இடம் அந்த இடைவெளிதான். அது எப்படியும் வெட்டி எடுக்க வேண்டிய மரம். எத்தனை உதறினாலும் நல்ல பலகையைத் தொட முடியாது.

இந்த யோசனை பிடிபட்டபோது மதியம் ஆகியிருந்தது. தனியாக இருந்த பட்டறையில் மீரான் சத்தம்போட்டுச் சிரித்துவிட்டார்.

ஆனால் முதல் ஜிக்கு கோணிப்போனது. குறுக்குக்கட்டை சட்டத்துக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு கையில் மூலைமட்டத்தையும் மறு கையில் திருகு மெஷினையும் பிடித்துக்கொண்டு பூட்டியதில், மட்டம் அவர் கையோடு சேர்ந்து ஆடியிருக்கிறது. கழிவுப் பலகையில் வெட்டிப் பார்த்தார். ஒரு அடி நீளத்தில் காடி மூன்று மில்லி சாய்ந்திருந்தது. பிரித்து மறுபடி பூட்டினார். இந்தத் தடவை எதிர்ப்பக்கம் சாய்ந்தது. மூன்றாம் தடவை திருகு வழுக்கி இடது பெருவிரலைக் கிழித்தது. நடுக்கத்தை அடக்கும் சாமானைச் செய்வதற்கே நடுங்காத ஒரு கை வேண்டியிருந்தது. அந்தக் கை ஜவுளிக்கடையில் பரண் கட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை நஃபீஸத்தைப் பட்டறைக்குக் கூட்டிவந்தார். "இந்த மட்டத்த இங்கன வச்சு அமுத்திப் பிடி. நான் சொல்லுத வரைக்கும் எடுக்காத."

அவள் முட்டுப்போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் மூலைமட்டத்தை அழுத்திப் பிடித்தாள். மீரான் இரண்டு திருகையும் இறக்கினார். வெட்டிப் பார்த்தார்கள். நேராக இருந்தது. தட்டுத் துண்டை எடுத்துக் காடியில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு, 'டப்'பென்று உட்கார்ந்தது. ஆட்டினார், ஆடவில்லை. மீரானுக்குக் கண் கலங்கிவிட்டது. "இனிமே ஒருத்தனுக்கும் தெரியப் போறதில்ல, பாத்துக்கோ" என்றார்.

நஃபீஸத் சேலையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிக்கொண்டே எழுந்தாள். "தெரியாது. நாசர்தான் கிளாம்பு பூட்டத் தெரியாதவன்னு எல்லாரும் நெனச்சுக்கிடுவாக."

"சொல்லுதேன்னு சொன்னேம்லா."

"அப்போ வேலைக்கு வழி இல்லன்னீங்க. இப்போ வழி வந்துட்டு."

அவர் மெஷினைப் போட்டார். அந்தச் சத்தத்தில் அவள் சொன்னது கேட்காததுபோல இருந்துகொண்டார்.

வேலை வேகம் பிடித்தது. தனியாளாக இருபத்துநான்கு பலகையையும் பதினோரு நாளில் முடித்தார். ஒவ்வொரு காடியும் அச்சில் வார்த்ததுபோல இருந்தது. பள்ளிவாசலில் பார்த்தவர்கள், "என்ன மீரான், நாசர் இல்லாம ஒத்தையிலயா?" என்று கேட்டால், "பழக்கம்தானே" என்று நகர்ந்துவிடுவார். நாசர் என்ற பேர் காதில் விழுந்தாலே கால் தானாக வேகம் எடுத்தது. ஜமாஅத்தில் அவன் முன்வரிசையில் நின்றால் இவர் பின்வரிசைக்குப் போனார். ஜிக்கை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் சாக்கில் சுற்றி மூலையில் வைத்தார். சாமான் ஒன்றுக்கு அப்படி மூடாக்கு போட்டு அவர் வைத்ததே கிடையாது.

முதல் ஐந்து அலமாரிகளை மட்டும் கூலிக்கு ஒரு ஆளை வைத்துப் பொருத்தி, லாரியில் ஏற்றி ஸ்ரீவைகுண்டத்துக்குக் கொண்டுபோனார். லாரிக்காரர்களும் பள்ளிக்கூட வாட்ச்மேனும் கை கொடுத்து இறக்கி நிறுத்தினார்கள். குமரகுருபரன் ஒரு தட்டை இரண்டு கையாலும் அழுத்தினார். பிறகு தன் பாரம் முழுவதையும் அதில் போட்டார். அசையவில்லை. அவர் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது.

"அருமை பாய். அந்த ஆளக் கழிச்சுவிட்டது நல்லதாப் போச்சு."

"யாரைச் சொல்லுதீங்க?"

"அதான், கிளாம்பு பூட்டத் தெரியாம நின்னாரே. எங்க சம்பந்தி கைலாசம் வீட்டு அடுக்களை அலமாரி வேலைக்குப் போன வாரம் வந்து கேட்டிருக்கார். சம்பந்தி பேசிமுடிக்கப் போற நேரத்துல நான் அங்கன இருந்தேன். இவரு கைல குடுக்காதீங்க, வேலைல கவனம் கிடையாதுன்னு சொல்லிட்டேன். அவர வச்சுக்கிட்டேதான் சொன்னேன். நாளைக்கு அவங்களுக்கும் சேதம் வரக் கூடாதுல்லா?"

 நாசர் அந்த வீட்டு வாசலில் எப்படி நின்றிருப்பான் என்று மீரானுக்குத் தெரிந்தது. பதில் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியிருப்பான். வெளியாள் முன்னால் வாயை மூடிக்கொள்கிற பழக்கம் அவனுக்கு.

"சார்" என்றார்.  "கிளாம்பு இறுக்கமாத்தான் இருந்துது. அவன் பேர்ல ஒரு தப்பும் இல்ல."

மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து, எழுதப்போவதுபோல நீட்டினார். அங்கே நின்ற எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை தோள்வரைக்கும் உதறியது. அவர் அதை மறைக்கவில்லை.

"ஆறு மாசமா இப்படி இருக்கு. மெஷின் என் கையிலதான் துள்ளுனது. உங்ககிட்ட சொன்னா வேலைய எடுத்துக்கிடுவீங்கன்னு நெனச்சேன். அவன் தலையில போட்டுட்டேன்."

குமரகுருபரன் நாற்காலியில் உட்கார்ந்தார். "முகத்துக்கு நேரால்லா சொல்லிட்டேன்" என்று முணுமுணுத்தார். பிறகு அவர் கண் அலமாரிப் பக்கம் போனது. "அப்போ இந்தக் காடியெல்லாம்?"

மீரான் ஜிக்கைப் பற்றிச் சொன்னார். தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். ஆனாலும் எழுந்துபோய் இழுப்பறையிலிருந்து ஒரு ஸ்கேலையும் டார்ச்சையும் எடுத்துவந்து, ஐந்து அலமாரியிலும் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்தார். சில இடத்தில் தாளை மடித்து இடுக்கில் நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை. அரைமணி நேரம் ஆனது. மீரான் அவ்வளவு நேரமும் நின்றுகொண்டே இருந்தார். இப்படிச் சோதிப்பார்கள் என்றுதான் இத்தனை நாள் பயந்தார். அது இப்போது கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. அவமானமாகத்தான் இருந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்றார் குமரகுருபரன். "மிச்சம் ஏழையும் நான் பாத்துத்தான் எடுப்பேன். தப்பா நெனைக்கப்படாது." பிறகு போனை எடுத்து, மீரான் இருக்கும்போதே கைலாசத்தைக் கூப்பிட்டார். அடுக்களை வேலை முந்தாநாளே வேறு ஆளுக்குப் போய்விட்டது.

ஊர் திரும்பியதும் மீரான் வீட்டுக்குப் போகவில்லை. நேராக டவுனுக்குப் போய் ஜவுளிக்கடையில் நாசரை வெளியே கூப்பிட்டார். சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் சொன்னது, ஜிக்கு, தலைமையாசிரியரிடம் ஒத்துக்கொண்டது எல்லாம். நாசர் கடைசிவரை கேட்டான்.

"நோவு உங்களுக்கு வந்துது மச்சான். பேரு எனக்குல்லா போச்சு."

"ஆமா."

"எட்டு வருசம் கூட நின்னேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த மெஷின நான் பிடிச்சிருக்க மாட்டனா? வெளியாளுக்கு முன்னால அப்படிச் சொல்லணுமா? அந்தச் சம்பந்தி வீட்டுல என் பெண்டாட்டியும் கூட இருந்தா, தெரியுமா? ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ரெண்டு பேரும் அங்கன கேட்டுட்டுப் போவோம்னு போனோம்."

அது மீரானுக்குத் தெரியாது. "மன்னிச்சிரு மாப்ள" என்றார்.

"நீங்க கேக்கீங்க. நான் என்ன சொல்ல?" நாசர் தரையைப் பார்த்தான். "இப்போ போங்க. எனக்கு வேல கெடக்கு."

மீரான் வீட்டுக்கு வந்து நஃபீஸத்திடம் சொன்னார். அவள் அழுதாள். தம்பிக்காக அழுதாளா புருசனுக்காக அழுதாளா என்று அவளைக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மிச்சம் ஏழு அலமாரிகளையும் பொருத்த ஒரு ஆளால் ஆகாது. ஆறடிப் பலகையை நிமிர்த்திப் பிடித்து ஐந்து தட்டையும் ஒரே நேரத்தில் செருக வேண்டும். பசை காய்வதற்குள் முடிக்க வேண்டும். மீரான் மறுபடி கூலிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நாசர் பட்டறைக்கு வந்தான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். இரண்டு நாள் வேலை. "பிடிங்க", "தூக்குங்க", "பைய" என்பதற்கு மேல் பேச்சு இல்லை. மத்தியானம் நஃபீஸத் கொண்டுவந்த சோற்றை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மீரான் ஆணத்துக்குக் கரண்டியை எடுத்தபோது நாசர் அந்தக் கையை முதன்முதலாக முழுசாகப் பார்த்தான். அவன் வாங்கி ஊற்றவில்லை. சிந்தட்டும் என்று விட்டானா, ஊற்றினால் அவருக்குக் குறைச்சலாக இருக்கும் என்று விட்டானா, தெரியாது.

இரண்டாம் நாள் மாலையில் ஜிக்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "தட்டுப் பருமன் மாறுனா?" என்று கேட்டான்.

"அந்தத் தட்டுலயே ஒரு துண்ட நடுவுல வச்சு நெருக்கணும். அளக்கவே வேண்டாம்."

நாசர் போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டான். சட்டையை மாட்டிக்கொண்டு, "அக்காகிட்ட சொல்லிருங்க" என்று கிளம்பினான். பட்டறைக்குத் திரும்பி வருவதாகச் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பேட்டையில் தனியாக ஒரு ஷெட் எடுத்தான். பெருநாளைக்குப் பிள்ளைகளோடு அக்கா வீட்டுக்கு வந்தான். மீரானுக்கு ஸலாம் சொன்னான், கட்டித் தழுவினான். வேலையைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு அலமாரியும் நிற்கின்றன. மீரானுக்கு இப்போது இடது கையிலும் லேசாக ஆரம்பித்திருக்கிறது. காடி வெட்டுவதை ஜிக்கு பார்த்துக்கொள்ளும். கதவுக்குக் கீல் அடிப்பதையும் பூட்டுக்குத் துளை போடுவதையும் அது பார்த்துக்கொள்ளாது. அந்த வேலைகளை அவர் எடுப்பதில்லை.

போன வாரம் பத்தமடையிலிருந்து சங்கரி என்று ஒரு டீச்சர் வந்தார். வீட்டில் ஒரு சுவர் முழுக்கப் புத்தகத் தட்டு வேண்டும் என்றார். மீரான் அவரை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, அளவு கேட்பதற்கு முன்பே, "ஒரு விசயத்த மொதல்ல சொல்லிருதேம்மா. எனக்குக் கை நடுங்கும். வேல இந்தச் சட்டத்தை வச்சுத்தான் செய்யுதேன்" என்று ஜிக்கை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்த அம்மா ஜிக்கையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டில் கலந்து பேசிவிட்டுப் போன் பண்ணுவதாகச் சொன்னார். இன்னும் பண்ணவில்லை.